உள்ளேன் அக்கா

காலையில் ஏழு தலை, மாலையில் ஏழு தலை.
தேவனாம்பட்டினத்தில் ஏற்றி
திருப்பாதிரிப்புலியூரில் இறக்குகிறேன்.
எண்ணுவதுதான் என் தொழிலில் பாதி,
மிச்சப் பாதிதான் ஓட்டுவது.
ஒருநாள் எண்ணிக்கை ஆறில் நின்றுபோய்
உயிர் போய் உயிர் வந்தது.
ஏழாவது, புத்தகப் பைகளுக்கு அடியில்
பென்சில் தேடிக்கொண்டிருந்தது.
அன்றிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.
வகுப்பில் சொல்வதுபோலவே பதில் வரும்:
உள்ளேன் அக்கா, உள்ளேன் அக்கா.

மிதுலனுக்கு மட்டும் சந்தேகம்.
"உள்ளேன்னா உள்ளாற இருக்கேன்னா?"
"இல்லடா. இருக்கேன், அவ்ளோதான்."
"என்னவா இருக்கேன்?"
நிலோஃபர் இரண்டாம் வகுப்பு,
அதனால் பொறுப்பு அதிகம்.
"என்னவான்றது அப்புறம்டா.
மொதல்ல இருக்கணும்."

கோயில் பக்கத்து நெரிசலில் நின்றபோது
பேச்சில் யாளி வந்தது.
சித்தி கல்யாணத்தில் ஹரிணேஷ் தூணில் பார்த்தானாம்.
சிங்கத்து உடம்பு, யானைத் தும்பிக்கை,
எத்தனை நகம், என்ன தின்னும்,
தும்பிக்கையை எங்கே வைத்துத் தூங்கும்,
எல்லாம் ஒப்பித்தான்.
"அது எங்க இருக்கு?"
"எங்கயும் இல்ல."
"இல்லாததுக்கு எப்படிடா பல்லு?"
அவன் விரலை வாய்க்குள் விட்டு
முந்தாநாள் பல் விழுந்த இடத்தைத்
தடவிப் பார்த்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை பெலிசியா கையில்
ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.
உள்ளே கடல்தண்ணீர். தண்ணீருக்குள் ஒன்று.
அவள் அப்பா வலையில் வந்தது, விரற்கடை நீளம்.
மீனில்லை, புழுவில்லை, சொறியுமில்லை.
கண் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.
அப்பாவுக்குத் தெரியவில்லை.
ஏலம் கூறுகிறவருக்கும் தெரியவில்லை,
முப்பது வருஷம் கடலுக்குப் போனவர் அவர்.
பேர் இல்லாததால் விலையும் இல்லை,
அப்படித்தான் இவள் கைக்கு வந்தது.
ஏழு மூக்கும் கண்ணாடியில் அமுங்கின.
"இது என்ன?"
"தெரியல."
"இருக்கா?"
அது சுருங்கியது. விரிந்தது.
"இருக்கு."

கெடிலம் பாலத்தில்
பண்ருட்டி பஸ்ஸுக்கு நான் வழிவிடும்போது
நிலோஃபர் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்:
"யாளி என்னன்னு தெரியும், ஆனா இல்ல.
இது என்னன்னு தெரியாது, ஆனா இருக்கு."
கொஞ்சம் பயந்தமாதிரி,
"ரெண்டும் வேறவேறயா அக்கா?"
எனக்கு ஹாரன் அடிக்கத் தெரியும்.
அடித்தேன்.

அதற்குள் மிதுலன் கணக்குப் போட்டுவிட்டான்.
போலீஸ் பிடித்தால் சொல்லவேண்டியது:
பிள்ளைங்க ஏழு, பாட்டில் ஒண்ணு, யாளி ஒண்ணு.
"யாளிக்கு சீட்டு வேணாம். மடியும் வேணாம்."
"காசு?"
"பாட்டிலுக்கு மட்டும். அரை."

மத்தியானம் வரை அது தாங்காது என்று
பெலிசியாவேதான் சொன்னாள்.
சொல்லிவிட்டு யாரையும் பார்க்கவில்லை.
வண்டியைத் திருப்பினேன்.
முதல் மணி அடித்தபோது
பதிவேட்டில் ஏழு பேரும் இல்லை.
ஏழு பேரும் முழங்கால் அலையில் இருந்தார்கள்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
மூடி திறந்தது. ஒரு அலைதான்.
"பேரே வைக்கலியே!" என்று கத்தினான் ஹரிணேஷ்.
"என்னவா இருந்துச்சுன்னு தெரியாமலே போச்சு."
மிதுலன் திருத்தினான்:
"இருந்துச்சு இல்ல. இருக்கு.
நமக்குத்தான் தெரில."

தாமதத்துக்குக் காரணம் எழுதச் சொன்னார்கள்.
டயர் பஞ்சர் என்று எழுதினேன்.
அதுவும் யாளி மாதிரிதான்.

மாலையில் பேர் கூப்பிட்டேன்.
ஆறு உள்ளேன் வந்தது.
மிதுலன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்,
ஒரு செருப்பு இல்லாமல்.
"அக்கா, இவன் சொல்லல."
"சொல்லாட்டி என்னவாம்?" என்றாள் நிலோஃபர்.
கையைப் பின்னால் நீட்டி
அவன் தலையைத் தொட்டேன்.
வியர்வை, எண்ணெய், கொஞ்சம் மணல்.
ஏழு.